பாட்டுக் கட்டும் 14 வயது மகளுக்கு எந்த நொட்டேஷன் சாஃப்ட்வேர்?

மொரீஷியஸில் ரோஸ் ஹில்லிலிருந்து ஓர் அக்கா கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு 14 வயது. கர்நாடக வயலின் கற்கிறாள், பள்ளியில் மேற்கத்திய இசையும் படிக்கிறாள். நோட்டு நிறைய அவளே கட்டிய மெட்டுகள், எல்லாம் ஸரிகமவில். பள்ளி விழாவுக்காக வயலின், புல்லாங்குழல், கிளாரினெட், கீபோர்டு, கையால் தட்டும் ரவான் பறை என்று ஐந்து பேருக்கு ஓர் உருப்படி எழுத ஆரம்பித்திருக்கிறாள். நடுவில் தமிழில் நாலு வரிப் பாட்டும் உண்டாம். ஃபினாலே வாங்கு என்கிறார் ஒருவர், சிபேலியஸ்தான் என்கிறார் இன்னொருவர், இலவசமாகக் கிடைப்பதெல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறார் மூன்றாமவர். வீட்டில் இருப்பது கொஞ்சம் பழைய விண்டோஸ் லேப்டாப். எதை வாங்குவது, வாங்கத்தான் வேண்டுமா, கூடவே கணினியில் செருகி ஸ்வரம் தட்டும் மிடி கீபோர்டும் தேவையா?

அக்கா, பர்ஸைத் திறக்க வேண்டாம். இப்போதைக்கு உங்கள் மகளுக்கு மியூஸ்ஸ்கோர் ஸ்டுடியோ போதும். காசு கொடுத்து வாங்குகிற பலவற்றைவிட அவளுக்கு அதுதான் தோது. இந்த அளவோடு நிறுத்தினால் பதில் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஆனால் அவள் தலைக்குள் ஓடுவது ஸரிகம, தாளம் மொரீஷியஸின் செகா ஆட்டத்தாளம், வாசிக்கப்போகிறவர்களில் பாதிப் பேர் மேற்கத்திய நொட்டேஷன் பார்த்து வாசிப்பவர்கள். எந்த சாஃப்ட்வேரும் தடுமாறுகிற இடம் இதுதான். அதனால் எதை இறக்குவது என்பதைச் சட்டென்று சொல்லிவிட்டு, இறக்கியதை நம் பாட்டுக்கு எப்படி வளைப்பது என்பதில் கொஞ்சம் நிற்கிறேன்.

ஃபினாலேயை மறந்துவிடுங்கள். ஒரு காலத்தில் அதுதான் பெரிய கை. 1988இல் வந்தது, உலகம் முழுக்கப் பதிப்பகங்கள் அதில்தான் வேலை பார்த்தன. 2024 ஆகஸ்ட் 26 அன்று அதைத் தயாரிக்கும் மேக்மியூசிக், இனி ஃபினாலேயை வளர்க்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டது. தன் வாடிக்கையாளர்களை டோரிகோவுக்கு மாறச் சொல்லிச் சலுகை விலையும் வாங்கிக் கொடுத்தது. உங்களுக்கு அதைச் சொன்னவர் பழைய நினைப்பில் சொல்லியிருப்பார், நல்ல எண்ணம்தான். ஆனால் மூடிய கடையில் இன்று கணக்குத் தொடங்குவதில் அர்த்தம் இல்லை.

சிபேலியஸின் கதை வேறு. இங்கிலாந்தில் ஃபின் என்ற இரட்டைச் சகோதரர்கள் எழுதியது, 1993இல் வெளிவந்தது. 2006இல் அவிட் நிறுவனம் அதை வாங்கியது. 2012இல் அதன் லண்டன் அலுவலகம் மூடப்பட்டபோது, அங்கிருந்த குழுவை ஸ்டைன்பெர்க் அப்படியே அழைத்துக்கொண்டது. அவர்கள் முதலிலிருந்து புதிதாக எழுதியதுதான் டோரிகோ, 2016இல் வந்தது. சிபேலியஸ் இன்றும் நல்ல உயிரோடு இருக்கிறது. சினிமா இசைக்கூடங்களிலும் வெளிநாட்டுக் கல்லூரிகளிலும் தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் முழுப் பதிப்புக்குப் பெரும்பாலும் சந்தா கட்ட வேண்டியிருக்கும், இலவசப் பதிப்பிலோ கை கால் கட்டி விட்டதுபோல் சில கருவிகளுக்கு மட்டும்தான் எழுதலாம். 14 வயதுப் பெண்ணுக்காக வருஷா வருஷம் அப்படிக் கட்டத் தேவையில்லை.

டோரிகோவை நான் உயர்வாகவே மதிக்கிறேன், தொழிலாகச் செய்பவர்களுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். இலவசமாக ஒரு பதிப்பும் வைத்திருக்கிறார்கள், டோரிகோ எஸ்இ. எட்டு வாத்தியக்காரர்கள் வரை எழுதலாம். உங்கள் மகளின் உருப்படி அதற்குள் அடங்கிவிடும். அப்படியிருந்தும் மியூஸ்ஸ்கோரை முன்னால் வைப்பதற்குக் காரணம், எஸ்இயில் பக்கத்தையும் குறிகளையும் நம் இஷ்டத்துக்கு மாற்றும் சுதந்திரம் குறைவு. ரவானுக்கு எழுதும்போது அந்தச் சுதந்திரம்தான் வேண்டும். எல்லாம் திறந்த டோரிகோ ப்ரோவின் விலை ஐந்நூறு டாலருக்கு மேல், மொரீஷியஸ் ரூபாயில் இருபதாயிரத்தைத் தாண்டும். மாணவர் சலுகை உண்டு. அவள் இசையைப் பட்டப்படிப்பாக எடுத்தால் அப்போது அந்தச் சலுகையில் வாங்கலாம்.

மியூஸ்ஸ்கோர் உண்மையிலேயே இலவசம். கருவி எண்ணிக்கைக்கு வரம்பில்லை, பக்கத்துக்கு வரம்பில்லை, அச்செடுத்தால் குறுக்கே விளம்பரம் வராது. மூல நிரலே திறந்து கிடக்கிறது. விளையாட்டுச் சாமான் என்றவர் பத்து வருஷத்துக்கு முந்தைய பதிப்பைப் பார்த்திருக்கலாம். 2022 டிசம்பரில் நான்காம் பதிப்பு வந்த பிறகு அந்தப் பேச்சுக்கு இடமில்லை. பக்க அமைப்பு அழகாக வருகிறது, ஆர்க்கெஸ்ட்ரா ஒலிகளையும் தனியாக இலவசமாகக் கொடுக்கிறார்கள்.

இறக்கும்போது ஓர் எச்சரிக்கை. இந்தப் பெயரில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கணினியில் எழுதும் சாஃப்ட்வேர் மியூஸ்ஸ்கோர் டாட் ஓஆர்ஜி தளத்தில் இருக்கிறது, அது இலவசம். டாட் காம் தளம் வேறு. அது மற்றவர்கள் ஏற்றிய ஸ்கோர்களை, அதாவது முழு இசைத்தாள்களைப் பார்ப்பதற்கு, அங்கே சந்தா உண்டு. ஃபோனில் கிடைக்கும் ஆப்பும் அந்த இரண்டாவது வகைதான், அதில் ஸ்கோரைப் பார்க்கலாம், கேட்கலாம், எழுத முடியாது. பிள்ளை அவசரத்தில் ஃபோனில் இறக்கிவிட்டு, எழுதவும் வழியில்லை, சந்தாவும் கேட்கிறது என்று வந்து நிற்பது அடிக்கடி நடக்கிறது. கார்டு எண் கேட்டால் தப்பான வாசலுக்கு வந்துவிட்டீர்கள் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பழைய லேப்டாப் என்கிறீர்கள். 8 ஜிபி ராம் இருந்தால் நிம்மதி. இல்லையென்றால் அந்தப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒலிகளை இறக்கவே வேண்டாம், ஜிபி கணக்கில் இடத்தைத் தின்னும். கூடவே வருகிற சாதாரண ஒலி போதும். அதற்கும் மூச்சு வாங்கினால் 3.6.2 என்ற பழைய பதிப்பு இன்னும் கிடைக்கிறது, லேசாக ஓடும். ஒன்றை மட்டும் கவனிக்கவும்: நாலில் எழுதிய ஃபைலை மூன்று நேரடியாகத் திறக்காது. தோழி வீட்டில் நாலு, தன் வீட்டில் மூன்று என்று வைத்துக்கொண்டால் தலைவலி.

பிரவுசரிலேயே எழுதும் ஃபிளாட், நோட்ஃபிளைட் போன்றவையும் உண்டு. பள்ளிக் கணினியில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால் அவை கைகொடுக்கும். ஆனால் இலவசக் கணக்கில் எத்தனை ஸ்கோர் வைக்கலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அதோடு, சைக்ளோன் எச்சரிக்கை வந்து பள்ளியும் மூடி, உட்கார்ந்து எழுத நேரம் கிடைக்கிற அன்றைக்குத்தான் நெட்டும் போய்விடும்.

சரி, இனி அவளுடைய உருப்படிக்கு வருவோம்.

முதல் வேலை, ஸ எங்கே என்று முடிவு செய்வது. நோட்டில் ஸரிகம எழுதும்போது இந்தக் கேள்வியே எழாது. பாடுகிறவர் சுருதிக்கு ஏற்ப ஸ நகர்ந்துகொள்ளும். ஐந்து கோடுகளில் அது நடக்காது. பெண்குரலுக்கு ஐந்தரைக் கட்டை என்று வைத்துப் பழகியிருந்தால் அது ஜி ஷார்ப். ஜி ஷார்ப்பை ஸ ஆக வைத்து சங்கராபரணத்தை எழுதினால் ஷார்ப் குறிகள் எட்டு வேண்டும், இரட்டை ஷார்ப் வரை போகும். அதையே ஏ ஃபிளாட் என்று எழுதினால் நாலு ஃபிளாட்டில் முடியும். பாதிக் கட்டை இறக்கி ஜி என்று வைத்தால் ஒரே ஒரு ஷார்ப். வயலினுக்கும் புல்லாங்குழலுக்கும் ஜி சுகமான இடம். பாடுகிறவளுக்கு அரைக் கட்டை தாழ்வது ஒன்றும் பெரிய தியாகம் இல்லை.

ராகம் சங்கராபரணமாக இல்லாவிட்டால் வேடிக்கை ஆரம்பிக்கும். எல்லாப் பிள்ளைகளும் முதலில் கற்கிற மாயாமாளவகௌளையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜி தான் ஸ என்றால் ரி ஏ ஃபிளாட், க பி, ம சி, ப டி, த ஈ ஃபிளாட், நி எஃப் ஷார்ப். ஃபிளாட்டும் ஷார்ப்பும் கலந்து வரும் இப்படிப்பட்ட கீ சிக்னேச்சர் மேற்கத்தியப் பாடத்தில் கிடையாது. மியூஸ்ஸ்கோரில் சொந்தமாக ஒன்றைச் செய்துகொள்ளலாம், அதற்கு வசதி இருக்கிறது. ஆனால் என் யோசனை, செய்ய வேண்டாம். வரிசையின் தொடக்கத்தில் அந்த விநோதக் குறியைப் பார்த்ததும் கிளாரினெட் வாசிக்கிற பையன் மிரண்டுவிடுவான், நாலாவது பாரில், அதாவது நாலாவது தாளக் கட்டத்தில் மறந்தும்விடுவான். ஒன்றும் போடாமல் விட்டு, அந்தந்த ஸ்வரத்தின் பக்கத்திலேயே ஃபிளாட்டையோ ஷார்ப்பையோ போடுவதுதான் ஒத்திகையில் நேரத்தை மிச்சப்படுத்தும்.

இங்கே சாஃப்ட்வேர் ஒரு குறும்பு செய்யும். மிடி கீபோர்டில் அந்தக் கறுப்புக் கட்டையை அமுக்கினால் அது ஏ ஃபிளாட்டா ஜி ஷார்ப்பா என்று கணினிக்குத் தெரியாது. பல நேரம் ஜி ஷார்ப் என்று எழுதிவிடும். ஒலி ஒன்றுதான். ஆனால் தாளில் ஸ-வும் ரி-யும் ஒரே கோட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும், க-வுக்குப் போகும்போது நடுவில் ஒரு படி காலியாகத் தெரியும். மெட்டு மேலே ஏறுவது கண்ணுக்கே தெரியாது. அந்த ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து ஜே விசையைத் தட்டினால் ஏ ஃபிளாட்டாக மாறிவிடும். கர்நாடகம் கற்ற பிள்ளைகள் இதில் பாக்கியசாலிகள். ஸ வேறு, ரி வேறு என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஏழு ஸ்வரம் ஏழு இடத்தில் நிற்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள், மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள்.

கமகத்தை, அதாவது ஸ்வரத்தின் அசைவை எழுத முயல வேண்டாம். சாஃப்ட்வேரில் டிரில் இருக்கிறது, வளைவுக் கோடு இருக்கிறது, குட்டி ஸ்வரங்கள் இருக்கின்றன. ஒரு காந்தாரத்தின் அசைவை இவை எல்லாவற்றையும் கொண்டு எழுதிப் பார்த்தால் தாள் எறும்பு ஊர்ந்ததுபோல் ஆகும், வாசிப்பவருக்கு அப்போதும் புரியாது. எலும்புக்கூட்டை மட்டும் எழுதட்டும். எந்த இரண்டு மூன்று இடங்களில் அசைவு கட்டாயம் வேண்டுமோ அங்கே மேலே ஒரு சொல் எழுதிவிட்டு, அந்த வரியை ஃபோனில் பாடிப் பதிவு செய்து வாசிக்கிறவர்களுக்கு அனுப்பட்டும். நம் இசை எப்போதும் காது வழியாகத்தான் கைமாறி வந்திருக்கிறது, தாள் அதற்கு நினைவுக்குறிப்பு. மேற்கத்திய முறையில் புல்லாங்குழல் வாசிக்கிறவருக்கு அசைவே இல்லாத நேர் ஸ்வரம் கொடுத்து, அதன் மேல் வயலின் குழைந்து போவதுபோல் அமைத்தால் அதுவே ஒரு தனி அழகு.

அடுத்தது ரவான். மியூஸ்ஸ்கோரின் கருவிப் பட்டியல் நீளமானது, ஆனாலும் ஆட்டுத்தோல் போர்த்தி, வாசிப்பதற்கு முன் நெருப்பில் காட்டிச் சூடேற்றும் நம் ரவானை அதில் தேடிக் களைக்க வேண்டாம். கையால் தட்டும் ஏதாவது ஒரு டிரம்மை எடுத்துக்கொண்டு, பெயரை ரவான் என்று மாற்றிவிடலாம். ஐந்து கோடு வேண்டாம், ஒற்றைக் கோடு போதும். நடுவில் அடிக்கும் கனமான அடி கோட்டுக்குக் கீழே, விளிம்பில் விரலால் தட்டும் கூர்மையான அடி கோட்டுக்கு மேலே. எந்த அடி எந்த இடத்தில், எந்தத் தலையோடு நிற்க வேண்டும் என்பதை டிரம் அமைப்பில் ஒருமுறை மாற்றி வைத்தால் பிறகு விசையால் தட்டிக்கொண்டே போகலாம். முதல் பக்கத்தின் அடியில் எந்தக் குறி எந்த அடி என்று இரண்டு வரி எழுதிவிட வேண்டும். மிருதங்கத்துக்கும் இதே வழிதான், அங்கே சொற்கட்டைப் பாட்டு வரிபோலக் கீழே தட்டலாம்.

தாளம் 6/8 என்று போடுவாள், சரிதான். ஆனால் செகாவின் உயிரே ஆறை மூன்று மூன்றாகவும் இரண்டு இரண்டாகவும் ஒரே நேரத்தில் கேட்பதில் இருக்கிறது. ரவான் ஒரு கணக்கில் போகும், பாட்டு இன்னொரு கணக்கில் அதன் மேல் சாயும். 6/8 என்று சொன்னதும் சாஃப்ட்வேர் ஆறு அரைக்கால் ஸ்வரங்களை மூன்று மூன்றாக வால் சேர்த்துவிடும், மெட்டு இரண்டு இரண்டாகப் போகிற பாரிலும்கூட. அப்படியே விட்டால் வாசிக்கிறவர் தப்பான இடத்தில் அழுத்தம் கொடுப்பார். அந்த ஸ்வரங்களைத் தேர்ந்தெடுத்து வால் சேர்ப்பதைக் கையால் மாற்ற வேண்டும், சில சொடுக்குதான். டோரிகோ இந்த விஷயத்தில் இன்னும் கறார். ஒரு 6/8 பாரில் மூன்று கால் ஸ்வரம் போட்டால், நடுவில் இருப்பதை இரண்டாக உடைத்து வளைவுக் கோட்டால் இணைத்துக் காட்டும், இலக்கணப்படி பாரின் பாதி தெரிய வேண்டும் என்று. மியூஸ்ஸ்கோர் போட்டதைப் போட்டபடி வைக்கும். இலக்கணம் டோரிகோ பக்கம்தான். ஆனாலும் கற்கிற பிள்ளைக்கு, தான் போட்டது தாளில் அப்படியே நிற்பது நல்லது என்பேன். மாற்ற வேண்டுமா என்று அவளே யோசிப்பாள்.

மிஸ்ர சாபு போன்ற ஏழு எண்ணிக்கைக்கும் இதே கதை. 7/8 என்று போட்டுவிட்டு, அந்தத் தாளக் குறியின் பண்புகளுக்குள் போய் வால்கள் மூன்று, இரண்டு, இரண்டு என்று சேர வேண்டும் என ஒருமுறை சொல்லிவிட்டால் பாட்டு முழுக்க அப்படியே வரும். தாளமே இல்லாத ஆலாபனைதான் மியூஸ்ஸ்கோருக்குக் கொஞ்சம் சிரமம். ஒரு பாரை நீட்டி, கோட்டை மறைத்து என்று ஏமாற்றித்தான் எழுத வேண்டும். டோரிகோவில் தாளக் குறியே போடாமல் எழுதிக்கொண்டு போகலாம். அவள் நிறைய ஆலாபனை எழுதுகிறவள் என்றால் இதற்காகவே ஒருநாள் டோரிகோ பக்கம் போவாள், போகட்டும்.

செகா ஆட்டத்தில் அந்த ஆறும் சம இடைவெளியில் விழுவதில்லை என்பது நம் ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். கணினி மட்டும் ராணுவ நடைபோல வாசிக்கும். அதைச் சரிசெய்ய நுணுக்கி நுணுக்கி விநோதக் கணக்குகளில் எழுதிப் பார்க்கும் ஆசை பிள்ளைகளுக்கு வரும். தடுத்துவிடுங்கள். மேலே செகா என்று ஒரு சொல் எழுதினால் ரவான் வாசிக்கிறவருக்கு மற்றது தெரியும்.

இதையொட்டி ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த சாஃப்ட்வேர்களில் மிகப் பெரிய வசதி, எழுதியதை உடனே கேட்கலாம் என்பது. பிள்ளைகளைக் கெடுப்பதும் அதுதான். கணினி புல்லாங்குழலுக்கு மூச்சு வாங்காது. மூச்சுவிட இடமே இல்லாமல் பதினாறு பார் எழுதினாலும் வாசித்துக் காட்டும். புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி மெல்லியது, ரவான் பக்கத்தில் வைத்தால் காணாமல் போகும். கணினியிலோ இரண்டும் பளிச்சென்று கேட்கும். வயலினில் எந்த விரலுக்கும் எட்டாத இரட்டை ஸ்வரத்தையும் அது சிரித்துக்கொண்டே வாசிக்கும். கருவியின் எல்லையைத் தாண்டினால் ஸ்வரத்தைச் சிவப்பாகக் காட்டுகிற உதவி மியூஸ்ஸ்கோரில் இருக்கிறது, ஆனால் எல்லைக்குள் இருப்பதெல்லாம் வாசிக்கக்கூடியது என்று அர்த்தமில்லை. ஆகவே ஒரு பழக்கம்: எட்டு பார் எழுதியதும் முதலில் வாயால் பாட வேண்டும், பிறகுதான் பிளே பொத்தான். பாடும்போது எங்கே மூச்சு முட்டுகிறதோ அங்கேதான் குழலுக்கும் முட்டும். வயலின் வரியை அவளே வாசித்துப் பார்க்கலாம், அதில் அவளுக்கு அதிர்ஷ்டம். மற்ற கருவிகளுக்கு, வாசிக்கப்போகிறவர்களிடமே பாதி எழுதிய தாளைக் கொண்டுபோய்க் கேட்பதுதான் வழி. எந்த ஆசிரியரும் இதைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியாது.

கிளாரினெட்டில் ஒரு பொறி இருக்கிறது. பி ஃபிளாட் கிளாரினெட் தாளில் சி என்று பார்த்து வாசித்தால் கேட்பது பி ஃபிளாட், ஒரு முழு ஸ்வரம் கீழே. மியூஸ்ஸ்கோரில் கான்சர்ட் பிட்ச் என்று ஒரு பொத்தான் உண்டு. அது அமுங்கியிருந்தால் எல்லாக் கருவியும் உண்மையில் கேட்கும் ஸ்வரத்தில் தெரியும். எழுதும்போது அப்படி வைத்துக்கொள்ளலாம், யோசிக்கச் சுலபம். அச்செடுக்கும் முன் அணைத்துவிட வேண்டும். ஸ்கோரிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித் தாளை அதுவே பிரித்துக் கொடுக்கும், ஸ்கோரில் திருத்தினால் தனித் தாளிலும் திருந்திவிடும். ஆனால் பக்கம் எங்கே திரும்புகிறது என்பதை மனிதக் கண்தான் பார்க்க வேண்டும். வயலின்காரர் வேகமான இடத்தின் நடுவில் பக்கம் திருப்ப முடியாது. இரண்டு பார் ஓய்வு இருக்கிற இடத்தில் பக்கத்தை முடிக்கப் பழக வேண்டும்.

தமிழ் வரிகள் எழுதுவது இன்று பெரிய பாடு இல்லை. முதல் ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் எல்லும் சேர்த்து அமுக்கினால் கீழே வரி எழுதும் இடம் திறக்கும். ஸ்பேஸ் தட்டினால் அடுத்த ஸ்வரத்துக்குப் போகும், ஒரு சொல்லின் நடுவில் பிரிக்க ஹைஃபன், ஓர் அசையைப் பல ஸ்வரத்துக்கு இழுக்க அண்டர்ஸ்கோர். நான் சொல்லும் சுலப வழி: பாட்டை முதலில் வேறொரு இடத்தில் அசை பிரித்துத் தட்டிக்கொள்வது, வேல்-மு-ரு-கா என்று. புள்ளி வைத்த எழுத்து முந்தைய அசையோடு போக வேண்டும். பிறகு மொத்தத்தையும் காப்பி செய்து, முதல் ஸ்வரத்தில் வரி இடத்தைத் திறந்து கண்ட்ரோல்-வி தட்டத் தட்ட ஓர் அசையாக ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் போய் உட்காரும். எழுத்துரு மட்டும் கவனம். சாஃப்ட்வேரோடு வருகிற எழுத்துருவில் தமிழ் இல்லை. கணினி எங்கிருந்தோ ஒன்றை இரவல் வாங்கிக் காட்டும், அடுத்தவர் கணினியில் வேறு மாதிரித் தெரியும். ஸ்டைல் பகுதியில் வரிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நாமே வைத்துவிட்டு, பிடிஎஃப் எடுத்து ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் தன் இடத்தில் நிற்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இதே வசதியை இன்னொன்றுக்கும் பயன்படுத்தலாம். வரியின் முதல் அடுக்கில் ஸரிகமவை எழுதி, இரண்டாம் அடுக்கில் பாட்டை வைத்தால், ஐந்து கோட்டு ஸ்டாஃப் படிக்கத் தெரியாத கர்நாடகத் தோழிகளும் அதே தாளில் வாசிக்கலாம். மேல்ஸ்தாயி, கீழ்ஸ்தாயிப் புள்ளிகள் அச்சில் அவ்வளவு ஒழுங்காக வராது. ஐந்து கோடு மேலேயே இருப்பதால் அது பெரிய குறையாகத் தோன்றாது.

ஃபைலைப் பாதுகாக்கும் விஷயத்தில் ஃபினாலே எல்லோருக்கும் ஒரு பாடம் நடத்திவிட்டுப் போனது. அந்த சாஃப்ட்வேர் மட்டுமே சரியாகத் திறக்கும் வடிவத்தில் எழுதிக் குவித்தவர்கள் இப்போது ஒவ்வொரு ஃபைலாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு உருப்படியும் முடிந்ததும் மூன்று வடிவம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: மியூஸ்ஸ்கோரின் சொந்த ஃபைல், அச்சுக்குப் பிடிஎஃப், அப்புறம் மியூசிக்எக்ஸ்எம்எல். இந்த மூன்றாவதை டோரிகோவும் சிபேலியஸும் திறக்கும், பக்க அழகு கொஞ்சம் கலையும், ஸ்வரங்கள் பத்திரமாக வந்து சேரும். நாளைக்கு ரீயூனியனிலோ டர்பனிலோ ஒரு கல்லூரியில் சேர்ந்து அங்கே வேறு சாஃப்ட்வேர் என்றால், இன்று எழுதியது எதுவும் வீணாகாது. சாஃப்ட்வேர் மாறுவதும் பெரிய விஷயமில்லை. ஒன்றில் கை பழகியவளுக்கு அடுத்தது கொஞ்ச நாளில் பிடிபடும். ஸ்டாஃப் படிக்கும் அறிவும், கருவிகளைப் பற்றிய அறிவும்தான் எங்கே போனாலும் கூடவே வரும்.

கணினி நிரல் எழுதுவதில் ஆர்வமுள்ள பெண் என்றால் லில்லிபாண்ட் என்று ஒன்று இருக்கிறது, 1996இலிருந்து வளர்ந்து வருவது, அதுவும் இலவசம். ஸ்வரங்களை எழுத்துகளாகத் தட்டினால் அது அச்சாக்கிக் கொடுக்கும், பழைய காலத்துச் செப்புத்தகட்டு அச்சுபோல் அவ்வளவு அழகு. மெட்டுப் போடும்போது அதில் உட்காராமல், முடிந்ததைப் படியெடுக்க வைத்துக்கொள்ளலாம்.

ஸரிகம நோட்டை விடச் சொல்லாதீர்கள். மெட்டு அங்கே பிறக்கட்டும், கணினிக்கு இரண்டாவதாக வரட்டும். நேரடியாகத் திரையில் எழுதும் பிள்ளைகள் காப்பி-பேஸ்ட்டில் விழுந்துவிடுவார்கள். ஒரே நாலு பார் எட்டு முறை வரும், மூன்றாம் முறையிலேயே கேட்பவருக்கு அலுத்துவிடும். கையால் எழுதுகிறவள் எட்டு முறை எழுதச் சோம்பல்பட்டு எங்கேயாவது ஒன்றை மாற்றுவாள், அந்த மாற்றத்தில்தான் பாட்டு நகரும்.

மிடி கீபோர்டு வேண்டுமா என்று கேட்டீர்கள். கட்டாயமில்லை. கணினி விசைப்பலகையிலேயே N என்ற எழுத்து விசையைத் தட்டி எழுதும் நிலைக்குப் போய், கால் ஸ்வரத்துக்கு 5, அதில் பாதிக்கு 4, பிறகு ஏ முதல் ஜி வரை எழுத்துகளைத் தட்டினால் ஸ்வரங்கள் வந்து விழும். வகுப்பில் தோ ரே மி சொல்லிப் பழகியவள் என்றால், சி தான் தோ, ஏ தான் லா என்று ஒரு சின்ன அட்டை எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளலாம், வேகமாகப் பழகிவிடும். புதிதாக ஒன்று வாங்கும் முன், வீட்டில் இருக்கும் கீபோர்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சதுரமாக ஒரு யூஎஸ்பி துளை இருந்தால் பிரிண்டருக்குப் போடுகிற அதே கேபிள்தான். அதை லேப்டாப்பில் செருகி, மியூஸ்ஸ்கோரின் செட்டிங்கில் மிடி உள்ளீட்டில் அந்தக் கீபோர்டின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும். வட்டத்துளை மட்டும் இருந்தால் மிடியிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் தனியாக வாங்க வேண்டியிருக்கும், பெரிய செலவில்லை. இரண்டும் இல்லையென்றால் இந்த விழா முடிகிற வரை விசைப்பலகையிலேயே எழுதட்டும்.